முதலில் யார் என்று பாருங்கள், அப்புறம் ஓட்டையை அடைத்துவிடுங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இலை உதிரத் தொடங்கியதிலிருந்து ராத்திரி நேரத்தில் கூரைக்கடியில் இருக்கும் பரணில் ஏதோ ஓடுகிறது, சுவருக்குள் சுரண்டுகிறது. அந்துருண்டை வைத்துப் பார்த்தாயிற்று. பிளக்கில் செருகும் ஒலிக்கருவி வாங்கியாயிற்று. போன வருடம் விஷமும் வைத்தாயிற்று. சில நாள் நின்ற சத்தம் இந்த வருடம் திரும்ப வந்துவிட்டது. குளிர்காலம் தொடங்குவதற்குள் இதற்கு ஒரு முடிவு கட்ட முடியுமா?

முடியும். ஆனால் இதுவரை செய்தது எல்லாமே உள்ளே வந்த பிராணியை விரட்டும் வேலை. அது வந்த வழி அப்படியே திறந்து கிடக்கிறது. ஒன்றை விரட்டினால் அடுத்தது வரும். பல வருடமாக மற்றவர்கள் வீட்டுக் கூரையிலும் அடித்தளத்திலும் டார்ச்சோடு ஊர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தொல்லையில் முக்கால்வாசி வேலை வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. ஏணி, டார்ச், ஒரு பென்சில், ஒரு விடுமுறை நாள் போதும்.

இலையுதிர் காலத்தில் மட்டும் ஏன் இந்தப் படையெடுப்பு? கோடையில் பிறந்த குட்டிகள் வளர்ந்து தனக்கென்று இடம் தேடி அலையும் காலம் இது. வயல்களில் அறுவடை முடிகிறது, விதையும் பூச்சியும் குறைகின்றன, இரவு குளிர்கிறது. சுண்டெலி 20 கிராம் எடையுள்ள உயிர். அதன் உடம்புச் சூடு சீக்கிரம் போய்விடும், குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கும் வழக்கமும் அதற்குக் கிடையாது. உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கீறல் வழியாக வெதுவெதுப்பான காற்று சமையல் வாசனையோடு வெளியே கசிந்தால், அதன் மூக்குக்கு அது வழிகாட்டிப் பலகை மாதிரி.

சரி, உள்ளே இருப்பது யார்? இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் அடைக்காதீர்கள். சத்தம் வரும் நேரமே பாதி சொல்லிவிடும். விடிந்த பிறகும் மாலை வெளிச்சம் இருக்கும்போதும் தடதடவென்று ஓடினால் பெரும்பாலும் அணில். விளக்கணைத்த பிறகு மெல்லிய சுரண்டல் கேட்டால் சுண்டெலி, அதையே இரண்டு மடங்கு கனமாகக் கேட்டால் எலி. யாரோ செருப்பு போட்டு நடக்கிற மாதிரி நடு ராத்திரியில் கேட்டால், ரக்கூன் (முகமூடி போட்டது போன்ற முகமுள்ள, பூனையைவிடப் பெரிய பிராணி) உள்ள நாடுகளில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஐரோப்பாவின் பல பகுதிகளில் அது மார்ட்டன் என்ற கீரி போன்ற பிராணியாக இருக்கலாம் (கார் எஞ்சினுக்குள் புகுந்து வயரைக் கடித்துவைப்பதும் அதுதான்). இருட்டத் தொடங்கும் நேரத்தில் இறவாரத்துப் பக்கம் கீச்சுக் கீச்சென்று கேட்டுவிட்டு அப்புறம் அமைதியாகிவிட்டால் வௌவால் வேட்டைக்குக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

சத்தத்தை நம்ப முடியாவிட்டால் புழுக்கையைப் பாருங்கள். சுண்டெலியுடையது 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளம், முனை கூர்மையாக, கறுப்பு அரிசி போல இருக்கும். எலியுடையது அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது. வௌவால் எச்சம் பார்ப்பதற்குச் சுண்டெலிப் புழுக்கை போலவே இருப்பதால் பலர் ஏமாறுவார்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஈரமான காகிதத்தில் வைத்து ஒரு குச்சியால் அழுத்திப் பாருங்கள். எலியுடையது காய்ந்தபின் கல் மாதிரி நிற்கும். வௌவாலுடையது பொடிந்துபோகும், அந்தப் பொடியில் பூச்சிகளின் இறக்கைத் துணுக்குகள் மினுமினுக்கும். எச்சமும் கிடைக்கவில்லை என்றால் சத்தம் வரும் இடத்தில் கொஞ்சம் மாவு தூவிவிட்டுக் காலையில் போய்ப் பாருங்கள். கால்தடம் பொய் சொல்லாது.

யார் என்று தெரிந்ததும் வீட்டைச் சுற்றி வாருங்கள். அவசரப்படாமல், ஒருமுறை தரைமட்டத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னொருமுறை கூரைவிளிம்பைப் பார்த்துக்கொண்டு. பென்சிலை எதற்குக் கொண்டுவரச் சொன்னேன் என்றால், பென்சில் நுழையும் இடைவெளியில் சுண்டெலி நுழையும். ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் போதும் அதற்கு. எலிக்கு 12 மில்லிமீட்டர், அதாவது உங்கள் சுண்டுவிரல் அகலம். தலை போனால் உடம்பு போகும் என்பது இந்த இரண்டு விஷயத்திலும் கிட்டத்தட்ட உண்மை. அணிலுக்கு ஓர் எலுமிச்சம்பழம் அளவு ஓட்டை வேண்டும். முதலில் அவ்வளவு இல்லாவிட்டாலும் மரச்சட்டத்தைக் கடித்து அது பெரிதாக்கிக்கொள்ளும்.

எங்கே பார்ப்பது? சமையலறைத் தொட்டிக்குக் கீழே தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், கேஸ் குழாய், ஏசி குழாய், கேபிள் எல்லாம் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் இடங்கள். துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டுக் குழாயை மெல்லியதாக விடுவது வேலையாட்களின் பழக்கம், மிச்ச இடம் எலிக்கு. கராஜ் கதவின் கீழ் மூலைகள் இரண்டும், ரப்பர் பட்டை தேய்ந்து வெளிச்சம் தெரியும். அடித்தளக் கான்கிரீட்டும் சுவரும் சேரும் கோடு. மேலே போனால், இரண்டு கூரைகள் சந்திக்கும் மூலை, இறவாரப் பலகை தொங்கிப்போன இடம், காற்றுப்போக்கிகளின் கிழிந்த வலை, மூடியில்லாத புகைபோக்கி. ஒருவரை இருட்டிய பிறகு பரணில் நிற்கவைத்து வெளியிலிருந்து சுவரோரமாக டார்ச் அடித்துக்கொண்டே நடந்தால், உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு கீறலும் நட்சத்திரம் போலத் தெரியும். நான் பார்த்த வழிகளிலேயே சுலபமானது இதுதான்.

ஒரு வீடு நன்றாக நினைவிருக்கிறது. எல்லாத் துளையும் அடைத்தாயிற்று என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்தார், எலி மட்டும் நிற்கவில்லை. ஏசி குழாயைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஸ்ப்ரே ஃபோம் உப்பி நின்றது. பார்வைக்குக் கச்சிதம். பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, குழாய்க்கு அடியில் ஃபோமைக் குடைந்து ஒரு சுரங்கம். அதன் ஓரங்கள் எண்ணெய் தடவிய மாதிரிக் கறுத்து வழவழப்பாக இருந்தன. தினமும் உடம்பு உரசிப் போய்வந்ததின் அழுக்கு. வாசலில் ஊசியால் கீறியது போல இரண்டிரண்டு கோடுகள், பல்தடம். ஃபோம் காற்றைத் தடுக்கும், எலியைத் தடுக்காது. கொறிக்கும் பிராணிகளின் முன்பற்கள் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். மரமோ பிளாஸ்டிக்கோ ஃபோமோ அவற்றுக்குப் பெரிய தடையே இல்லை.

ஆகவே அடைக்கும் பொருள் உலோகமாகவோ சிமென்ட்டாகவோ இருக்கட்டும். சின்ன ஓட்டைக்குத் துருப்பிடிக்காத எஃகு நாரையோ செம்புக் கம்பி நாரையோ நன்றாகத் திணித்து, மேலே சீலன்ட் பூசிவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நார் வெளிச்சுவரில் ஓரிரு பருவத்தில் துருவாகி உதிர்ந்துவிடும், உள்ளே அவசரத்துக்கு வைக்கலாம். பெரிய ஓட்டைக்கும் காற்றுப்போக்கிக்கும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண் உள்ள வெல்டு கம்பி வலை. அதை ஸ்டேபிளர் பின் கொண்டு அடிக்காதீர்கள், வாஷர் போட்டுத் திருகாணியால் முடுக்குங்கள். கொசுவலை மாதிரி மெல்லிய வலையை அணில் ஒரு காலை நேரத்தில் கிழித்துவிடும்.

ஆர்வக்கோளாறில் மூடக்கூடாத துளைகளையும் மூடிவிடுகிறவர்கள் உண்டு. கொதிகலன், தண்ணீர் சூடேற்றி ஆகியவற்றின் புகைக்குழாயை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும், ஆளைக் கொல்லும். செங்கல் சுவரின் அடியில் விட்டிருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகள் ஈரம் வடிவதற்காக விட்டவை, அவற்றில் வலைத் துண்டு செருகலாம், சிமென்ட் பூசக்கூடாது. பரணின் காற்றுப்போக்கியை அடைத்தால் கூரை மரம் பூஞ்சை பிடிக்கும். துணி உலர்த்தும் டிரையரின் வெளிக்குழாய்க்கு வலையே போடாதீர்கள். பஞ்சுத்தூசி வலையில் அடைத்துத் தீப்பிடிக்கும். அதற்கென்று தானாக மூடிக்கொள்ளும் மடல் வைத்த மூடி கிடைக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சுண்டெலி, எலி விஷயத்தில் வெளித்துளைகளை முதலில் அடைத்துவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்டவற்றைப் பொறி வைத்துப் பிடிப்பது சரியான வரிசை. அணில், வௌவால், ரக்கூன் என்று வந்தால் வரிசை தலைகீழ். முதலில் அவை வெளியே போக வேண்டும், அப்புறம்தான் அடைக்க வேண்டும். ஏனென்றால் குட்டிகள்.

சாம்பல் அணில் பெரும்பாலும் வருடத்துக்கு இருமுறை குட்டி போடும், இரண்டாவது ஈற்று கோடையின் கடைசியில். பத்துப் பன்னிரண்டு வாரம் குட்டிகள் தாயோடுதான் இருக்கும். இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் அவசரப்பட்டு ஓட்டையை மூடினால் தாய் வெளியே, குட்டிகள் உள்ளே. வெளியே நிற்கும் தாய் கூரையை வேறு இடத்தில் கடித்துத் திறக்கும், முன்பைவிடப் பெரிய ஓட்டையாக. திறக்க முடியவில்லை என்றால் குட்டிகள் பரணிலேயே செத்துக்கிடக்கும். குட்டி இருந்தால் சில வாரம் பொறுத்துக்கொள்வதுதான் ஒரே நல்ல வழி. இல்லை என்று தெரிந்தால், வெளியே போகலாம் திரும்ப வர முடியாது என்பது மாதிரியான ஒருவழிக் கதவை அந்த ஓட்டையில் பொருத்தி, மற்ற பலவீனமான இடங்களை எல்லாம் முன்கூட்டியே தகடு வைத்து மூடிவிடலாம்.

உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அறிய ஒரு பழைய உத்தி உண்டு. செய்தித்தாளைக் கசக்கி ஓட்டையில் லேசாகத் திணித்து வையுங்கள். இருக்கும் பிராணி ஒரே நாளில் அதை உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ தள்ளிவிடும். மழையும் கடுங்குளிரும் இல்லாத 3 நாள் காகிதம் அசையாமல் இருந்தால் அது காலி வழி, அடைக்கலாம். கடுங்குளிரில் மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், அப்போது அணில் நாள்கணக்கில் வெளியே வராமலே படுத்திருக்கும்.

வௌவாலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அதிகமாகத் தவறு செய்வது அங்கேதான். வீட்டுக்கு வருபவை பெரும்பாலும் பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். மரத்தைக் கடிக்காது, வயரை அறுக்காது, ஏற்கெனவே இருக்கும் கீறலில் புகுந்து தொங்கும். பல இனங்கள் வருடத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும் என்பதால் ஒரு கூட்டத்தை அழித்தால் அது மீள வெகுகாலம் பிடிக்கும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் எல்லா வௌவால்களும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. பிரிட்டனில் அவை தங்கும் இடத்தை, அவை இல்லாத நேரத்தில்கூட, அனுமதியில்லாமல் அடைப்பது குற்றம். மற்ற பல நாடுகளிலும் கட்டுப்பாடு உண்டு, கை வைப்பதற்கு முன் உங்கள் வனத்துறையிடமோ வனவிலங்கு அமைப்பிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அனுமதி உள்ள இடத்திலும் அதற்கான காலம் குறுகியது. கோடையில் பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே இருக்கும். கடுங்குளிரில் வௌவால் நீண்ட உறக்கத்துக்குப் போய்விடும், வெளியே வராது. இரண்டுக்கும் நடுவில், கோடைக் கடைசியும் இலையுதிர் காலத்தின் முதல் சில வாரங்களும்தான் வாய்ப்பு. வாசல் துளைக்கு மேலேயும் இரண்டு பக்கமும் வலையை ஒட்டி, கீழே திறந்து தொங்கவிட்டால், வௌவால் ஊர்ந்து இறங்கி வெளியே பறந்துவிடும், திரும்பி வரும்போது துளையைத் தேடி வலையில் மோதி விலகிவிடும். ஒரு வாரமாவது அப்படியே விட்டு, அப்புறம் அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று. தூங்கும் அறைக்குள், குறிப்பாகக் குழந்தை தூங்கிய அறைக்குள் வௌவால் ஒன்றைக் கண்டால் வெளியே துரத்திவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அதன் பல் மிகச் சின்னது, கடித்த தடம் தெரியாமலே போகலாம். வெறிநோய் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம், அறிகுறிக்கு முன்னால் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பயமில்லை. வெறுங்கையால் தொடாமல் ஒரு டப்பாவால் மூடிவைத்து, அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

ரக்கூனை நீங்களே கையாள வேண்டாம். அதற்கு விரல் இருக்கிறது, பலம் இருக்கிறது, தளர்ந்த பலகையைப் பெயர்த்து எடுக்கும். அது ஒரே இடத்தில் எச்சம் போடும், அந்த எச்சத்தில் உள்ள உருளைப்புழு முட்டைகள் மனித மூளையைப் பாதிக்கக்கூடியவை. தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். மரத்திண்ணைக்கு அடியில் வளை தோண்டும் ஸ்கங்க் (நாற்றத் திரவம் பீய்ச்சும் சின்னப் பிராணி) போன்றவற்றுக்குக் கம்பி வலையை 30 சென்டிமீட்டர் ஆழம் புதைத்து, அடி முனையை வெளிப்பக்கமாக இன்னொரு 30 சென்டிமீட்டர் மடக்கிவிட்டால் போதும். சுவரோரம் தோண்டிப் பார்த்து வலை தட்டினால் விட்டுவிடும், பின்னால் தள்ளிப்போய்த் தோண்டும் யோசனை அதற்கு வருவதில்லை. பாம்பு வந்தால் பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வந்திருக்கும், எலி வழியை அடைத்தாலே அதன் வழியும் போச்சு.

மறுபடி எலிக்கு. பழைய மரப்பலகை விசைப்பொறியை மிஞ்சிய கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் ஒரே ஒரு பொறியை அறை நடுவில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் வேலைக்கு ஆகாது. சுண்டெலி சுவரை மீசையால் தடவிக்கொண்டே ஓடும், கூட்டிலிருந்து சில மீட்டருக்கு மேல் பொதுவாகப் போகாது. ஆகவே ஐந்தாறு பொறிகளை 2 அல்லது 3 மீட்டர் இடைவெளியில், சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். நிலக்கடலை வெண்ணெய் நல்ல இரை, ஒரு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். ஆரம்பத்தில் நான் தாராளமாக அப்பிவைத்து, விசை அசையாமல் மேலோட்டமாக நக்கிவிட்டுப் போன எலிகளுக்குப் பல நாள் விருந்து வைத்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் கூடு கட்டும் மும்முரத்தில் இருப்பதால் விசையில் கொஞ்சம் பஞ்சு கட்டிவைத்தாலும் இழுக்க வரும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கிப்போகும் சுபாவம், அதற்கு மட்டும் விசையை ஏற்றாமல் சில நாள் இரையை மட்டும் வைத்துப் பழக்கிவிடுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். சுண்டெலியின் கர்ப்பகாலம் சுமார் 3 வாரம், ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி, அந்தக் குட்டிகள் ஆறேழு வாரத்தில் தாயாகத் தயார்.

விஷத்தை நான் ஆதரிக்க மாட்டேன். ரத்தம் உறையாமல் செய்யும் அந்த மருந்து கொல்லச் சில நாள் ஆகும், அதற்குள் எலி சுவருக்குள் எங்கோ போய்ச் சாகும், வாரக்கணக்கில் நாறும். தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்ற ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகலாம். உங்களுக்காக இலவசமாக எலி பிடிக்கும் ஆந்தையைக் கொன்றுவிட்டு எலியைத் திட்டுவது என்ன நியாயம்? பசை அட்டையும் வேண்டாம், அதில் ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில் துடிக்கும், இங்கிலாந்தில் 2024 முதல் பொதுமக்கள் அதைப் பயன்படுத்தத் தடையே இருக்கிறது. ஒலிக்கருவி? அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2001-லேயே இவற்றைத் தயாரிப்பவர்களையும் விற்பவர்களையும் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரித்தது. முதல் சில நாள் எலி மிரளலாம், பிறகு பழகிவிடும். அந்துருண்டை வாசனையில் தலைவலி வருவது எலிக்கு முன்னால் உங்களுக்குத்தான், சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அது விஷமும்கூட.

புழுக்கையைக் காய்ந்த நிலையில் பெருக்கவோ வாக்கம் கிளீனரால் உறிஞ்சவோ கூடாது. சில நாடுகளில் எலிகள் ஹண்டா வைரஸைச் சுமப்பவை, தூசி பறந்து மூச்சில் போனால் ஆபத்து. அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, 5 நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் துடைத்துப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

வெளியே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கூரையைத் தொடும் கிளைகளை இரண்டரை மீட்டர் தள்ளி வெட்டுங்கள். விறகை சுவரோடு அடுக்காமல் தூரத்தில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். நாய்த் தீனியும் பறவைக்கு வைக்கும் விதையும் மூடியுள்ள தகர டப்பாவில். சுவரோரம் சேரும் இலைக்குவியலை அகற்றுங்கள். ஆனால் தோட்டத்துக் கோடியில் ஒரு குவியலை விட்டுவைக்கலாமே, முள்ளெலிக்கும் தவளைக்கும் அது குளிர்கால வீடு. குவியலை எரிப்பதாக இருந்தால் முதலில் கிளறிப் பாருங்கள்.

ஆளைக் கூப்பிடுவதாக முடிவு செய்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தெந்த ஓட்டையை, எந்தப் பொருளால் அடைப்பீர்கள்? கூரைமேல் ஏறிப் பார்க்காமலே நான்கு மூலையில் விஷப் பெட்டி வைத்துவிட்டு மாதாமாதம் வருகிறேன் என்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். ஏறி இறங்கி ஒவ்வொரு ஓட்டையையும் போட்டோ எடுத்துக் காட்டி, குட்டி இருக்கிறதா என்று பார்த்தபிறகு அடைக்கலாம் என்பவர் கிடைத்தால் அவரிடமே வேலையைக் கொடுங்கள். அடைத்து ஒரு மாதம் கழித்து, இருட்டிய பிறகு அந்த டார்ச் சோதனையை இன்னொருமுறை செய்து பாருங்கள்.